லாவெண்டர் மென்பொருள்: அந்த 90 சதவீதம் எதற்கு?

காஸா போரில் யார் யார் இலக்கு என்று பட்டியல் போட இஸ்ரேல் ராணுவம் பயன்படுத்திய மென்பொருள் லாவெண்டர். 2024 ஏப்ரலில் +972 என்ற இஸ்ரேல்-பாலஸ்தீன இணைய இதழ் ஆறு இஸ்ரேலிய உளவு அதிகாரிகளிடம் பேசி அதன் உள்விவரங்களை வெளியிட்டது. இது வெறும் தரவுத்தளம், முடிவெடுப்பது மனிதர்கள்தான் என்பது ராணுவத்தின் பதில். அதிகாரிகள் சொன்னதை வைத்தே இந்த விமர்சனம்.

ஹமாஸ் போன்ற ஆயுதக் குழுவின் ஆளாக இருக்க எவ்வளவு வாய்ப்பு என்று, காஸாவாசிகள் ஏறக்குறைய ஒவ்வொருவருக்கும் 1 முதல் 100 வரை மார்க். போரின் ஆரம்பத்தில் 37,000 பேர் வரை பட்டியலில் ஏறினார்கள். கட்-ஆஃபைக் கொஞ்சம் இறக்கினால் போதும், போலீஸ்காரர், மீட்புப் பணியாளர் எல்லாம் உள்ளே வந்துவிடுவார்கள். இம்மாதிரிக் கருவி பார்க்கும் அறிகுறிகளாகச் சொல்லப்படுபவை: அடிக்கடி போன் மாற்றுவது, வீடு மாற்றுவது, சந்தேக நபர் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் இருப்பது. குண்டு விழும் ஊரில் வீடு மாறாதவர் யார்?

மாதிரிச் சோதனையில் 90 சதவீதம் சரியாக வந்ததாம். 37,000-த்தில் மீதி 10 சதவீதம் என்றால் 3,700 பேர். ஒரு பெயரின் மனிதச் சரிபார்ப்புக்குச் சுமார் 20 விநாடி. ஆள் ஆணா என்று பார்ப்பதே முக்கியச் சோதனை.

அந்த 90 சதவீதமும் ‘ஆள் யார்’ என்ற முதல் கட்டத்தின் துல்லியம் மட்டுமே. அடுத்து, ஆள் வீட்டுக்குள் நுழைந்ததும் சேதி சொல்ல ‘வேர்ஸ் டாடி’, அதாவது ‘அப்பா எங்கே’ என்று இன்னொரு கருவி (பெயர் வைத்தவரை என்ன சொல்ல!). சேதி வந்து குண்டு விழுவதற்குள் மணிக்கணக்கில் ஆகலாம். ஆள் வெளியே போயிருப்பார், குடும்பம் உள்ளே இருக்கும். ஆயுதக் குழுவின் கீழ்மட்ட ஆளுக்கு விலை மலிவான, வழிகாட்டியில்லாத குண்டுதான், வீடே இடியும். அப்படி ஒருவருக்காக 15 முதல் 20 பொதுமக்கள் வரை சாகலாம் என்று அனுமதி இருந்ததாம்.

படுமோசமான பாகம், அந்தப் பொதுமக்களை எண்ணும் கணக்கு. முந்தைய போர்களில் வீட்டையே கண்காணித்து எண்ணினார்கள். இதில் அந்தப் பகுதியில் பாதிப்பேர் வெளியேறிவிட்டதாக மதிப்பிட்டால், வழக்கமாக 10 பேர் இருக்கும் வீட்டில் 5 பேர் என்று மென்பொருளே போட்டுக்கொள்ளும். ஊரைவிட்டு ஓடிவந்த உறவுக்காரர்கள் அதே வீட்டில் ஒண்டியிருந்தால் உள்ளே 25 பேர்கூட இருப்பார்கள். மக்கள் வெளியேறிவிட்டதை போன் சிக்னலை வைத்து ஊகிப்பது அதைவிட ஆபத்து: சார்ஜ் இல்லாத போன் கணக்கில் வராது, கைக்குழந்தையிடம் போனே கிடையாது.

குண்டு விழுந்தபின் யார் செத்தார்கள் என்று பார்ப்பது வழக்கம். கீழ்மட்ட இலக்குகளுக்கு, நேரம் மிச்சம் என்று அதையும் விட்டுவிட்டார்கள். எனவே அந்த 10 சதவீதம் களத்தில் எவ்வளவாக ஏறியது என்பதை இந்த மென்பொருளால் தெரிந்துகொள்ளவே முடியாது.