வழி முழுக்க வலி: பேசியே எழுதிய பயணக் குறிப்பு

இரவு அறைக்கு வந்து எழுதலாம் என்று உட்கார்ந்தால் எனக்குத் தூக்கம்தான் வரும். அதனால் இந்த முறை 12 நாள் பயணத்துக்கும் குறிப்பேட்டைத் தொடாமல், கைப்பேசியில் பேசியே நாட்குறிப்பு எழுதிப் பார்த்தேன்.

முதல் நாளே வேடிக்கை. "வழி முழுக்க மழை" என்றேன். திரையில் "வலி முழுக்க மலை" என்று வந்து நின்றது. சரி, என் ழகரம் கொஞ்சம் சுமார்தான். ஆனால் ஏரிக்கரை "ஏரிக்கறை" ஆனதற்கு என் நாக்கைக் குறை சொல்ல முடியாது. பேச்சில் நம்மில் பலருக்கு ரகரமும் றகரமும் ஒன்றுதான். பக்கத்துச் சொற்களை வைத்துத்தான் மென்பொருள் ஊகிக்க வேண்டும். முழு வாக்கியத்தையும் ஒரே மூச்சில் சொன்னபோது பிழை நன்றாகவே குறைந்தது. 1997இல் டிராகன் நேச்சுரலி ஸ்பீக்கிங் என்ற மென்பொருள் வருவதற்கு முன்பு, இப்படிச் சொல்லி எழுத வைக்கும் மென்பொருள்களுக்குப் பெரும்பாலும் ஒவ்வொரு சொல்லாக நிறுத்தித்தான் சொல்ல வேண்டும். இப்போது நிறுத்தினால்தான் கெடுகிறது.

பெரிய தொல்லை வேறு. பேசுவது போலச் சொன்னால் பாதி பேச்சு, பாதி எழுத்து என்று ஒரு கலவை வருகிறது. எழுத்துத் தமிழிலேயே சொல்லலாம்தான். ஆனால் பேருந்தில் உட்கார்ந்து "சென்றடைந்தோம்" என்றால் பக்கத்து இருக்கைக்காரர் திரும்பிப் பார்க்கிறார்.

மலைமேல் சிக்னலும் போனது. அப்புறம் முறையை மாற்றினேன். பகலில் ஒலிப்பதிவு மட்டும், காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு. இரவில் அதை மடிக்கணினியில் விஸ்பரிடம் கொடுத்தேன். பேச்சை எழுத்தாக்கும் மென்பொருள் அது, ஓபன்ஏஐ நிறுவனம் 2022இல் இலவசமாக வெளியிட்டது. ஒருமுறை இறக்கிவிட்டால் இணையம் இல்லாமலே ஓடும், தமிழும் தெரியும். அதன் மாடல்கள் பல அளவுகளில் கிடைக்கும். பெரிய மாடலாக எடுத்துக்கொள்ளுங்கள், மெதுவாக ஓடினாலும் பரவாயில்லை. அது ஓடும் நேரத்தில் குளித்துவிட்டு வந்துவிடலாம்.

கால் புள்ளி, ஒற்று, ஊர்ப்பெயர் எல்லாம் கையால்தான் திருத்த வேண்டும். தினமும் அரை மணி நேரம் போனது. ஆனாலும் அடுத்த பயணத்துக்கும் இதுதான். படகைத் தவறவிட்ட அன்று, துறையில் நின்றபடியே பேசினேன். டிக்கெட் கொடுத்தவரின் இருமல், ஈரக் கயிற்றின் நாற்றம், என் எரிச்சல் எல்லாம் அதில் இருக்கிறது. இரவில் எழுதியிருந்தால் "படகு போய்விட்டது" என்ற ஒரு வரியோடு முடித்திருப்பேன்.

ஒன்பதாம் நாள் செங்குத்தான ஏற்றம். மூச்சிரைக்க "வழி இன்னும் இருக்கு" என்று சொல்லியிருக்கிறேன். "வலி இன்னும் இருக்கு" என்று விழுந்திருக்கிறது. அதை மட்டும் திருத்தவில்லை.