காரைக்குடியில் தலைமையாசிரியர்களுக்கு மனிதவளப் பயிற்சி: போகலாமா?

பள்ளத்தூர்ப் பக்கம் ஒரு தனியார் தொடக்கப் பள்ளியில் தலைமையாசிரியை நான். காரைக்குடியில் நடந்த இரண்டு நாள் மனிதவள மேலாண்மைப் பயிற்சிக்குத் தாளாளர் என் பெயரைக் கொடுத்துவிட்டார். ஆளுக்கு 2,500 ரூபாய், சாப்பாடு உட்பட. நடத்தியவர்கள் பெயர் வேண்டாம், குறையும் சொல்லப் போகிறேன்.

இடம் பழைய நகரத்தார் வீடு. வளவில், அதாவது திறந்த முற்றம் உள்ள நடுப்பகுதியில், நாற்காலி போட்டிருந்தார்கள். பார்க்க அழகுதான், ஆனால் மேலிருந்து கொட்டிய வெயிலில் புரொஜெக்டர் திரையில் ஓர் எழுத்தும் தெரியவில்லை. பயிற்சியாளர் கம்பெனிகளில் எச்.ஆர். வேலை பார்த்தவர். அவர் தந்த ஆசிரியர் மதிப்பீட்டுப் படிவத்தில் 'வாடிக்கையாளர் திருப்தி' என்று ஒரு வரி. பக்கத்தில் இருந்த தேவகோட்டை ஆச்சி, "வாடிக்கையாளர் யாரு சார், எல்கேஜி பிள்ளையா, அதோட அப்பாவா?" என்று கேட்டார். பதில் வரவில்லை.

கொடுத்த காசுக்கு உருப்படியாக இருந்தது முதல் நாள் மதியம். தாமதமாக வரும் ஆசிரியரிடம் எப்படிப் பேசுவது என்று பயிற்சியாளர் நடித்துக் காட்டினார். எங்களில் ஒருவர் ஆசிரியராக உட்கார்ந்தார். பயிற்சியாளர் "ஏன் லேட்?" என்று கேட்கவில்லை. "திங்கள், புதன் முதல் பீரியடில் நாலாம் வகுப்புக்கு ஆள் இல்லை. பிள்ளைகள் சும்மா இருந்தார்கள். என்ன செய்யலாம் டீச்சர்?" என்றார். அப்புறம் வாயே திறக்கவில்லை. நடித்தவர் பஸ், மழை என்று என்னென்னவோ சொல்லிப் பார்த்தார். கடைசியில், "அந்த ரெண்டு நாளும் முதல் பீரியடை மாத்திக் கொடுங்க சார், மாமியாரை ஆஸ்பத்திரியில விட்டுட்டு வர்றேன்" என்றார். நாமாக இருந்தால் அதற்குள் மெமோ டைப் ஆகியிருக்கும்.

ஆள் எடுப்பது பற்றியும் நன்றாகச் சொன்னார். நேர்காணலில் எல்லோரிடமும் ஒரே கேள்விகள், பிறகு உண்மையான வகுப்பில் பத்து நிமிடப் பாடம். சான்றிதழ் ஃபைலைப் புரட்டுவதை விட இதில் அதிகம் தெரிகிறது.

சட்டப் பகுதி சொதப்பல். பணியிடப் பாலியல் தொந்தரவு தடுப்புச் சட்டம் 2013-இல் வந்தது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் பெண் தலைமையில் உள்ளகப் புகார்க் குழு வேண்டும், அதில் பாதிக்குக் குறையாமல் பெண்கள், வெளியிலிருந்தும் ஓர் உறுப்பினர். பெண்களே பெரும்பாலும் வேலை பார்க்கும் நம் பள்ளிகளுக்கு இது எவ்வளவு முக்கியம்! ஒரே ஸ்லைடில் தாண்டிவிட்டார், அதுவும் தெரியாத ஸ்லைடு. வேலையை விட்டுப் போகும்போது தரும் பணிக்கொடை (கிராஜுவிட்டி) பற்றிக் கேட்டதற்கு "ஆடிட்டரைக் கேளுங்கள்" என்றார். தனியார் பள்ளி ஆசிரியர்களையும் பணிக்கொடைச் சட்டத்தின் 2009 திருத்தத்திலேயே சேர்த்தாகிவிட்டது, உச்ச நீதிமன்றமும் 2022-இல் அதை உறுதி செய்துவிட்டது. இதுகூடத் தெரியாமல் எதற்கு வகுப்பு?

ஜூனில் பள்ளி திறந்ததும் ஆயிரம் ரூபாய் கூட என்று அடுத்த பள்ளிக்குப் போகும் ஆசிரியரை எப்படி நிறுத்துவது என்பதுதான் எங்கள் எல்லோருக்கும் கேள்வி. "அங்கீகாரம், பாராட்டு" என்றார். சரி, பாராட்டை வைத்து வாடகை கட்ட முடியுமா?

சாப்பாடு குறை சொல்ல முடியாது, மாலையில் பால் பணியாரம் வேறு. புதிதாகப் பொறுப்பேற்றவர்கள் முதல் நாள் மட்டும் போனால் போதும். தாளாளரையும் கையோடு கூட்டிப் போங்கள். சம்பளக் கேள்வி வரும்போது பதில் சொல்ல வேண்டியவர் அவர்தானே.