கோப்ரா கடிதம் வந்தால் உறையைத் தூக்கி எறியாதீர்கள்

அமெரிக்காவில் வேலை பார்க்கும் நம்மவர்கள் அவசியம் படியுங்கள். நிறுவனம் தந்த மருத்துவக் காப்பீடு நின்றுபோனால், நம் செலவில் அதையே சில காலம் தொடர அங்கே சட்டம் தரும் உரிமைதான் கோப்ரா (COBRA). அதைத் தெரிவிப்பதுதான் கோப்ரா கடிதம். டெக்சாஸில் என் கணவரின் நிறுவனம் பிப்ரவரியில் அவருடைய வேலை நேரத்தைப் பாதியாகக் குறைத்தது. வேலை போகவில்லை. ஆனால் முழுநேர ஊழியர் இல்லை என்று சொல்லி, அந்த மாதக் கடைசியோடு குடும்பத்தின் மருத்துவக் காப்பீட்டை நிறுத்திவிட்டார்கள். எங்களிடம் யாரும் வாய் திறக்கவில்லை. மகனுக்கு இன்சுலின் வாங்கப் போன மருந்துக்கடையில், "உங்கள் காப்பீடு முடிந்துவிட்டதாகக் காட்டுகிறதே" என்று அங்கிருந்த பெண் திரையைத் திருப்பிக் காட்டியபோதுதான் தெரிந்தது. முழு விலை கொடுத்து வாங்கி வந்தோம்.

பணிநீக்கத்துக்கு மட்டுமல்ல, நேரக் குறைப்பால் காப்பீடு போனாலும் கோப்ரா உரிமை உண்டு. 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தனியார் நிறுவனம், 30 நாளுக்குள் காப்பீட்டுத் திட்டத்தின் நிர்வாகிக்குத் தெரிவிக்க வேண்டும். அவர் 14 நாளுக்குள் நமக்குக் கடிதம் அனுப்ப வேண்டும். நிறுவனமே நிர்வாகியாக இருந்தால் மொத்தம் 44 நாள். மனிதவளத் துறையிடம் கேட்டபோதெல்லாம் "அனுப்பியாயிற்று" என்றார்கள். எந்தத் தேதியில், எந்த முகவரிக்கு என்று கேட்டால் பதில் இல்லை.

ஒருவழியாக மே மாதம் கடிதம் வந்தது. உள்ளே அச்சடித்திருந்த தேதி மார்ச் 4. உறையின் மேல் அஞ்சல் முத்திரை மே 6! கோப்ராவைத் தேர்ந்தெடுக்க 60 நாள் அவகாசம் மார்ச் 4-லிருந்தே ஓடுகிறது, கெடு முடிந்துவிட்டது என்று சாதித்தார்கள். இதைக் கவனக்குறைவு என்று நான் நம்பத் தயாரில்லை. காப்பீடு நின்ற நாள், அறிவிப்பு அனுப்பிய நாள் இரண்டில் எது பிந்தியதோ அதிலிருந்துதான் அந்த 60 நாள் தொடங்கும். உறையின் நகலோடு தொழிலாளர் துறையின் ஊழியர் நலப் பாதுகாப்புப் பிரிவிடம் முறையிட்டோம். அவர்கள் பேசிய பிறகே நிறுவனம் எங்கள் கோப்ரா படிவத்தை ஏற்றது.

செலவு கொஞ்சநஞ்சமல்ல. நிறுவனம் கட்டிவந்த பங்கையும் சேர்த்து, மொத்தப் பிரீமியத்தில் 102 சதவீதம் வரை நம் தலையில் விழும். மார்ச் முதல் கட்டியதால் காப்பீடு இடைவெளியின்றித் தொடர்ந்ததாகக் கணக்கு. இன்சுலினுக்குக் கொடுத்த பணம் மட்டும் இன்னும் வந்தபாடில்லை.

தொலைபேசியில் கேட்காதீர்கள், மின்னஞ்சலில் கேளுங்கள். வீடு மாறினால் புது முகவரியை எழுத்தில் கொடுங்கள். கடைசியாகத் தெரிந்த முகவரிக்கு ஒழுங்காக அனுப்பியிருந்தால், கடிதம் நம் கைக்கு வராவிட்டாலும் பொதுவாக அவர்கள் கடமை முடிந்ததாகவே கொள்ளப்படும். விவாகரத்து ஆனாலோ, பிள்ளைக்கு 26 வயது நிறைந்து காப்பீட்டிலிருந்து விலகினாலோ, தெரிவிக்க வேண்டியவர்கள் நாம்தான். அதற்குப் பல திட்டங்களில் 60 நாள்தான் கெடு.