அக்ரீயா, கன்கரா? சம்மதம் சொல்லும் ஆங்கில வினைகள், ஓர் அலசல்

புதுச்சேரியில் அரசு அலுவலகங்களுக்கு நடையாய் நடந்தவர்களுக்குக் 'கன்கரன்ஸ்' (concurrence) நன்றாகவே பழகிய வார்த்தை. 'ஃபைல் ஃபைனான்ஸ் கன்கரன்ஸுக்குப் போயிருக்கு' என்று சொன்னால், இன்னும் கொஞ்ச நாள் கழித்து வாருங்கள் என்று அர்த்தம். வீட்டு வாடகைக்கோ மனைக்கோ முத்திரைத்தாளில் போடுவது 'அக்ரிமென்ட்'. இரண்டையும் அகராதியில் தேடினால் 'ஒத்துக்கொள்ளுதல்' என்றுதான் இருக்கும். ஆனால் ஒன்றின் இடத்தில் இன்னொன்றை வைக்க முடியாது.

அன்றாட வேலைக்கு அக்ரீ போதும் என்பது என் கட்சி. லத்தீனில் 'கிராத்துஸ்' என்றால் மனதுக்கு இனியது. அது பிரெஞ்சில் 'அக்ரேயே' ஆகி ஆங்கிலத்துக்கு வந்தது. பிரெஞ்சு அலுவலகக் கடிதங்களின் கடைசி வரியில், 'என் வணக்கத்தை ஏற்றுக்கொள்ளுங்கள்' என்ற இடத்தில், அந்த அக்ரேயே இன்றும் இருக்கிறது. நம் ஆட்கள் சறுக்குவது பயன்பாட்டில்தான். 'ஐ ஆம் அக்ரீ' என்பது தப்பு. அக்ரீயே வினை, நடுவில் 'ஆம்' எதற்கு? ஆளோடு ஒத்துப்போனால் 'வித்', யோசனைக்குச் சரி என்றால் 'டு', விலையோ தேதியோ பேசி முடித்தால் 'ஆன்'.

கன்கர் வேறு வம்சம். 'கான்' என்றால் கூட, 'குர்ரெரே' என்றால் ஓடுதல். சேர்ந்து ஓடுவது என்பதுதான் வேர்ப்பொருள். கரன்ட், கரன்சி, கூரியர் எல்லாம் அதே ஓட்டத்தின் பிள்ளைகள். ஓடி வந்து முட்டிக்கொள்வதற்கும் லத்தீனில் இதே சொல்தான். இங்கேதான் புதுச்சேரிக்காரர்களுக்கு ஒரு வேடிக்கை இருக்கிறது. பிரெஞ்சில் 'கொன்குரான்ஸ்' என்றால் போட்டி. எதிர்க்கடைக்காரர் 'கொன்குரான்'. அரசு வேலைக்கான போட்டித் தேர்வு 'கொன்கூர்'. ஆங்கிலத்தில் ஒரே திசையில் ஓடுகிறவர்கள், பிரெஞ்சில் ஒருவரை ஒருவர் முந்தப் பார்க்கிறார்கள். பிரெஞ்சு பென்ஷன் வாங்கும் சொல்தா (பிரெஞ்சு ராணுவ வீரர்) குடும்பத்துப் பெரியவரிடம் ஆங்கிலக் கோப்பை நீட்டி 'கன்கரன்ஸ் வேண்டும்' என்றால், யாரோடு போட்டி என்று அவர் கேட்டாலும் கேட்பார். பிரெஞ்சில் 'சரி' சொல்ல 'தக்கோர்' இருக்கிறது. அதன் வேர் இதயம். ஒற்றுமை என்று பொருள்படும் ஆங்கிலக் கன்கார்டும் (concord) அந்த இதய வம்சம்தான். கன்கரோடு பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் உறவு கிடையாது.

சரி, அக்ரீ இருக்கும்போது கன்கர் எதற்கு? தன் புத்தியில் யோசித்து, மறுக்கவும் அதிகாரம் உள்ள ஒருவர், இன்னொருவர் வந்த அதே முடிவுக்கு வந்து சேர்ந்தால் அது கன்கர். இரண்டு நீதிபதிகள் வேறு வேறு காரணம் சொல்லி ஒரே தீர்ப்பைத் தரலாம். தனியாக எழுதுகிறவருடையது கன்கரிங் தீர்ப்பு. நிதித்துறை மறுக்க முடியும் என்பதால்தான் அங்கே கன்கரன்ஸ். மேலதிகாரி போட்ட உத்தரவுக்குக் கீழே இருப்பவர் கன்கர் செய்வதில்லை, கம்ப்ளை செய்கிறார்.

இந்தச் சொல்லின் கனம் தெரிய ஒரு வழக்கு போதும். உச்ச நீதிமன்ற நீதிபதிகளை நியமிக்கும்போது தலைமை நீதிபதியைக் கலந்தாலோசிக்க வேண்டும் என்கிறது அரசியல் சாசனம். ஆலோசனை என்றால் கன்கரன்ஸ் அல்ல என்று 1981-இல் தீர்ப்பானது. 1993-இல் ஒன்பது நீதிபதிகள் அமர்வு அதைத் திருப்பிப் போட்டு, கன்கரன்ஸ் என்றே பொருள் கொண்டது. நீதிபதிகளைத் தேர்ந்தெடுக்கும் மூத்த நீதிபதிகள் குழுவான கொலீஜியம் பிறந்தது அப்படித்தான்.

ஒரே நேரத்தில் நடப்பது என்ற அர்த்தமும் கன்கருக்கு உண்டு. 'தண்டனையை ஏககாலத்தில் அனுபவிக்க வேண்டும்' என்று பேப்பரில் படிக்கிறோமே, அது கன்கரன்ட். மத்திய அரசும் மாநில அரசும் சட்டம் போடக்கூடிய பொதுப்பட்டியலும் அதே பெயர்தான். 1976-இல் 42-வது திருத்தத்தில் கல்வி அங்கே போனதிலிருந்து, சேர்ந்து ஓடுகிறார்களா, பிரெஞ்சு அர்த்தத்தில் ஓடுகிறார்களா என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். ஓர் எழுத்துச் சங்கதி: கடந்தகாலத்தில் 'ஆர்' இரண்டு வரும், அழுத்தம் இரண்டாம் அசையில் விழுவதால்.

கன்சென்ட் (consent), அசென்ட் (assent) இரண்டும் லத்தீனின் 'சென்டிரே', அதாவது உணர்தல், என்ற வேரில் கிளைத்தவை. ஜிப்மரிலோ கடலூர் அரசு மருத்துவமனையிலோ ஆபரேஷனுக்கு முன் கையெழுத்து வாங்குவது கன்சென்ட். தன் உடம்பு, தன் சொத்து, தன் தகவல் மேல் இன்னொருவருக்குக் கொடுக்கும் அனுமதி அது. டாக்டரின் கருத்தில் நமக்கு முழு உடன்பாடு இல்லாமலேகூட அதைக் கொடுக்கலாம். அசென்ட் மேலிருந்து வருவது. புதுச்சேரி சட்டப்பேரவை நிறைவேற்றிய மசோதாவுக்குத் துணைநிலை ஆளுநர் அசென்ட் தருவார், அல்லது குடியரசுத் தலைவருக்கு அனுப்புவார்.

1954 அக்டோபர் 18-இல் கீழூரில் நடந்த வாக்கெடுப்புக்கு எந்த வினை பொருந்தும்? மக்கள் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகள் 178 பேர் வாக்களித்தார்கள். இந்தியாவோடு இணைய 170 பேர் ஆதரவு, 8 பேர் எதிர்ப்பு. பெரும்பான்மை அக்ரீ செய்தது என்று சொல்லலாம். மறுக்கும் உரிமையோடு ஒவ்வொருவரும் தனித்தனியே முடிவெடுத்ததால் கன்கர் என்பேன் நான். பிரான்ஸ் செய்ததற்கு வேறு சொல்: 1956-இல் கையெழுத்தாகி 1962-இல் நடைமுறைக்கு வந்தது செஷன் ஒப்பந்தம், விட்டுக்கொடுத்தல்.

மிச்சம் இருப்பது அக்வியஸ் (acquiesce). குவயட் என்ற சொல்லோடு பிறந்தது, 'இன்' சேர்த்து எழுதுவது வழக்கம். பிடிக்காவிட்டாலும் பேசாமல் இருந்துவிடுவது. பக்கத்து மனைக்காரர் நம் இடத்தில் சுவர் எழுப்பும்போது பார்த்துக்கொண்டு சும்மா இருந்தால், பின்னால் கோர்ட்டில் எதிர்த்தரப்பு இந்தச் சொல்லை எடுத்துக்கொண்டு வரும். பெரிய வார்த்தை போடும் ஆசையில் மேனேஜருக்கு 'ஐ அக்வியஸ்' என்று மெயில் அனுப்பினால், 'பிடிக்கவில்லை, ஆனால் வாயை மூடிக்கொள்கிறேன்' என்று எழுத்திலேயே கொடுத்ததாகிவிடும்.