இரண்டு முள்ளை நம்புவதற்கு ஓர் எண்ணெய்க் குழாய் மேல்: த்ராட்டில் பாடி சிங்க் கருவிகளோடு சில வருடங்கள்

த்ராட்டில் பாடி என்பது எஞ்சினின் ஒவ்வொரு சிலிண்டருக்கும் காற்று நுழையும் வாய், எல்லா வாயிலும் எஞ்சினின் உறிஞ்சல் (வேக்குவம்) ஒரே அளவில் இருக்கும்படி சரிசெய்வதுதான் சிங்க். அதை அளக்கும் கருவிகளைப் பற்றிய முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நேரமில்லாதவர்கள் அதோடு கிளம்பலாம். உங்கள் வண்டியில் இரண்டு சிலிண்டர்தான் என்றால் காசு கொடுத்து எந்தக் கருவியும் வாங்க வேண்டாம், கொத்தனார் மட்டம் பார்க்கும் டியூப் கொஞ்சமும் டூ-ஸ்ட்ரோக் ஆயில் கொஞ்சமும் போதும். நாலு சிலிண்டர் என்றால் கார்ப்ட்யூன் மாதிரி ஸ்டீல் குச்சி ஏறி இறங்குகிற ஒன்றை வாங்குங்கள். ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கும், முள் வைத்த டயல் கேஜ் செட்டுக்கு என் கணக்கில் கடைசி இடம்தான். ஏன் என்று கேட்பவர்களுக்கு மட்டும் மீதி.

என்னிடம் இருப்பது கவாசாகி நின்ஜா 650ஆர், 2011-ல் இந்தியாவுக்கு வந்த மாடல், செகண்ட் ஹேண்டில் எடுத்தது. 649 சிசி, இரண்டு சிலிண்டர், இரண்டு த்ராட்டில் பாடி. வீடு அஸ்தம்பட்டி பக்கம், அதனால் கை அரித்தால் கோரிமேடு வழியாக அடிவாரம் போய் ஏற்காடு ஏறிவிடுவது வழக்கம். அந்த இருபது கொண்டை ஊசி வளைவுகளைப் போல சிங்க் போன வண்டியைக் காட்டிக்கொடுக்கும் இடம் வேறு இல்லை. பெங்களூர் ஹைவேயில் தொப்பூர் வரைக்கும் விரட்டிப் பாருங்கள், ஒன்றுமே தெரியாது. த்ராட்டில் பாடிக்குள் காற்றை விடும் கதவான பட்டர்ஃப்ளை முக்கால்வாசி திறந்திருக்கும்போது ஒரு பக்கம் அரை டிகிரி முன்னே பின்னே இருந்தால் என்ன வந்துவிடப் போகிறது? ஆனால் வளைவுக்குள் த்ராட்டிலை மூடிக்கொண்டு இரண்டாவது கியரில் நுழைந்து, நடுவில் கொஞ்சமே கொஞ்சம் திறக்கும்போது அந்த அரை டிகிரிதான் உள்ளே போகும் காற்றில் பெரிய பங்கு. ஒரு சிலிண்டர் இழுக்க ஆரம்பித்த பிறகு இன்னொன்று யோசித்து வரும், வண்டி ஒரு உதறு உதறும். ஐடிலில் (த்ராட்டிலைத் தொடாமல் எஞ்சின் ஓடும்போது) கண்ணாடி நடுங்குவதும் ஹேண்டில்பாரில் விரல் மரத்துப் போவதும் இதே கதைதான்.

கருவியைத் தொடும் முன்பு வால்வ் கிளியரன்ஸ் (வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் நடுவில் விடும் இடைவெளி) சரியாக இருக்க வேண்டும், ஏர் ஃபில்டர் சுத்தமாக இருக்க வேண்டும், இன்டேக் ரப்பரில் காற்று ஒழுகக் கூடாது. இதில் எது தப்பாக இருந்தாலும் அந்தத் தப்பையும் சேர்த்துத்தான் சிங்க் செய்வீர்கள். இது எல்லோரும் சொல்வதுதான், நானும் சொல்லிவிட்டேன்.

இப்போது டயல் செட். நான் முதலில் வாங்கியது இதுதான், பெரும்பாலானவர்கள் வாங்குவதும் இதுதான். பெட்டியைத் திறந்தால் பார்க்க ஜம்மென்று இருக்கும். எஞ்சினில் மாட்டினால்தான் சங்கதி தெரியும். ஃபோர்-ஸ்ட்ரோக்கில் ஒரு சிலிண்டர் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் உறிஞ்சும், 1300 ஆர்பிஎம் ஐடிலில் என்றால் நிமிடத்துக்கு 650 முறை, அதாவது நொடிக்குப் பத்துக்கு மேல். முள் ஒவ்வொரு உறிஞ்சலுக்கும் எகிறிக் குதிக்கும். பக்கத்தில் நின்ற மெக்கானிக் தம்பி, "முள்ளு ஆடிட்டே இருக்குதுங்களேண்ணா, எதை எடுத்துக்கறது?" என்று கேட்டான். நியாயமான கேள்வி. இதற்காகவே பைப்பில் ஒரு குட்டி வால்வு கொடுத்திருப்பார்கள், அதைத் திருகித் திருகி ஆட்டத்தைக் குறைக்க வேண்டும். கொஞ்சம் அதிகம் மூடினால் முள் அப்படியே உறைந்துவிடும், எஞ்சினில் என்ன நடந்தாலும் அதற்குத் தெரியாது. அந்த நடுப்புள்ளியைப் பிடிப்பதே ஒரு கலை.

ஆட்டத்தைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், இரண்டு கேஜும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாததுதான் பெரிய தொல்லை. ஒரு டீ ஜாயின்ட் போட்டு இரண்டு கேஜையும் ஒரே சிலிண்டரில் மாட்டிப் பார்த்தால் ஒரே அழுத்தத்துக்கு ஒன்று ஒரு எண் சொல்லும், இன்னொன்று வேறு எண் சொல்லும். என்னிடம் இருந்த செட்டில் வித்தியாசம் சுமார் 2 செ.மீ. பாதரசம் (அழுத்தத்தைப் பாதரசம் ஏறி நிற்கும் உயரத்தால் சொல்லும் அளவு). என் வண்டியின் சர்வீஸ் மேனுவல் இரண்டு சிலிண்டருக்கும் இடையில் அனுமதிக்கும் வித்தியாசமே 1 செ.மீ.தான். அதாவது அளக்கும் கருவியின் பொய், அளக்க வேண்டிய விஷயத்தைவிட இரண்டு மடங்கு. பைப்பை மாற்றி மாட்டி இரண்டு முறை பார்த்துச் சராசரி எடுத்தால் ஓரளவு சமாளிக்கலாம், நானும் கொஞ்ச காலம் அப்படித்தான் ஓட்டினேன். சேலத்துச் சித்திரை வெயிலில் ஷெட்டில் கிடந்து பைப்பெல்லாம் விறைத்துப் போனபின் நுனியில் காற்று ஒழுக ஆரம்பித்தது, ஒரு முள் எஞ்சின் ஆஃபில்கூடப் பூஜ்யத்துக்குத் திரும்ப மறுத்தது. அதோடு அதற்கு விடை கொடுத்தாயிற்று.

நமக்கு உண்மையில் வேண்டியது என்ன? இந்த சிலிண்டரில் எத்தனை வேக்குவம், அந்த சிலிண்டரில் எத்தனை வேக்குவம் என்ற இரண்டு எண்கள் இல்லை. இரண்டுக்கும் இடையில் உள்ள வித்தியாசம் மட்டும்தான். வித்தியாசத்தை மட்டும் காட்டும் ஒரே கருவி இருந்தால், இரண்டு கருவிகளின் பொய்யை ஒப்பிடும் வேலையே மிச்சம். எண்ணெய்க் குழாய் அதைத்தான் செய்கிறது.

செய்முறை ஒன்றும் பெரிதில்லை. செவ்வாய்ப்பேட்டை பக்கம் ஹார்டுவேர் கடையில் நல்ல தெளிவான லெவல் டியூப் வாங்கி, இரண்டு மீட்டர் உயரப் பலகையில் யு வடிவில் க்ளாம்ப் அடித்து, அடியில் கால்வாசி டூ-ஸ்ட்ரோக் ஆயில் ஊற்றினேன். மேல் நுனிகள் இரண்டும் ஆளுக்கொரு த்ராட்டில் பாடிக்கு. ஒவ்வொரு பக்கத்திலும் நடுவில் மீன் தொட்டிக் கடையில் கிடைக்கும் காற்று வால்வு ஒன்று, ஆட்டத்தை அடக்க. அதற்கும் எஞ்சினுக்கும் நடுவில் ஒரு சின்ன மூடி போட்ட பாட்டில், எண்ணெய் தப்பித் தவறி ஏறினால் அதில் விழ. மொத்தச் செலவு சில நூறு ரூபாய்.

இதன் நுணுக்கம் எங்கிருந்து வருகிறது என்றால் எண்ணெயின் லேசான எடையிலிருந்து. தண்ணீரை 1 என்று வைத்தால் பாதரசத்தின் அடர்த்தி 13.6, எண்ணெய்க்கு 0.87 அளவில். அப்படியானால் 1 செ.மீ. பாதரச வித்தியாசம் எண்ணெயில் 15 செ.மீ.க்கு மேல் தெரியும். மேனுவல் "பரவாயில்லை" என்று விடும் வித்தியாசமே இங்கே அரைச் சாணுக்கு மேல் நிற்கும்! இரண்டு பக்கமும் 2 செ.மீ.க்குள் கொண்டுவந்துவிட்டால் பாதரசக் கணக்கில் ஒன்றரை மி.மீ.கூட வராது. அதற்கு மேல் மெனக்கெடுவது உங்கள் பொழுதுபோக்கு, வண்டிக்குத் தேவையில்லை.

எண்ணெய் எந்தப் பக்கம் ஏறுகிறதோ அந்தப் பக்கம் வேக்குவம் அதிகம், அதாவது அங்கே காற்று குறைவாகப் போகிறது. புதிதாகச் செய்பவர்கள் பெரும்பாலும் தலைகீழாகப் புரிந்துகொள்வது இங்கேதான். என் வண்டியில் ஒவ்வொரு த்ராட்டில் பாடிக்கும் பட்டர்ஃப்ளையைச் சுற்றிப் போகும் காற்றைக் கூட்டிக் குறைக்க ஒரு பைபாஸ் ஸ்க்ரூ உண்டு, இரண்டையும் மெதுவாக முழுக்க மூடிவிட்டு, வேக்குவம் அதிகம் இருக்கும் பக்கத்தை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தால் எண்ணெய் இறங்கி சமமாகிவிடும். பெயின்ட் தடவி வைத்திருக்கும் ஸ்க்ரூவில் கை வைக்காதீர்கள், அது ஃபேக்டரியில் வைத்தது. பைபாஸில் சரிவராவிட்டால் த்ராட்டில் பாடி அழுக்காக இருக்கிறது என்று அர்த்தம், சுத்தம் செய்துவிட்டு மறுபடி பாருங்கள்.

குறைகளும் உண்டு. வித்தியாசம் ஆரம்பத்திலேயே அதிகமாக இருந்தால், 5 செ.மீ. பாதரசம் என்று வைத்துக்கொள்ளுங்கள், எண்ணெய் முக்கால் மீட்டருக்கு மேல் எகிறும். அதனால் மீன் தொட்டி வால்வை மூடி வைத்துக்கொண்டுதான் எஞ்சினை ஸ்டார்ட் செய்ய வேண்டும், பிறகு மெல்லத் திறக்க வேண்டும். டூ-ஸ்ட்ரோக் ஆயில் என்பதால் கொஞ்சம் உள்ளே போனாலும் புகைத்துவிட்டுப் போய்விடும். தண்ணீர் ஊற்றிச் செய்யலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், எஞ்சினுக்குள் தண்ணீர் எதற்கு? அப்புறம், எண்ணெயை டியூபிலேயே விட்டு வைத்தால் ஒரு வருடத்தில் டியூப் பழுத்து மஞ்சளாகிவிடும், வேலை முடிந்ததும் வடித்துவிட வேண்டும். வீட்டில் திட்டு வாங்காமல் வடிப்பது உங்கள் சாமர்த்தியம்.

இதன் பெரிய குறை, ஊருக்கு எடுத்துப்போக முடியாது. இரண்டு மீட்டர் பலகையை யார் பைக்கில் கட்டிக்கொண்டு மலை ஏறுவது? ஏற்காட்டில் காபி எஸ்டேட் பக்கம் இருக்கும் நண்பரிடம் இறக்குமதியான பழைய நாலு கார்ப் (த்ராட்டில் பாடிக்குப் பதில் கார்புரேட்டர்) வண்டி ஒன்று இருக்கிறது, அதற்காகத்தான் நாங்கள் சேர்ந்து கார்ப்ட்யூன் வாங்கினோம். வட அயர்லாந்தில் செய்கிறார்கள், ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குச்சிகள் நாலு குழாயில் ஏறி நிற்கும், ஆட்டத்தை அடக்கும் குட்டி அடைப்பான்கள் பைப்புக்குள் போட அதோடேயே வரும். தபால் செலவும் கஸ்டம்ஸும் சேர்ந்தால் விலை கசக்கும், அதைத் தவிர புகாரில்லை. செங்குத்தாகத் தொங்கவிட வேண்டும் என்பது மட்டும் நினைவிருக்கட்டும், சாய்ந்தால் குச்சி உரசும். நாலு கார்பையும் ஒரே பார்வையில் பார்த்து, முதலில் 1-2, அடுத்து 3-4, கடைசியில் நடு ஸ்க்ரூவில் இரண்டு ஜோடியையும் சேர்ப்பது இதில்தான் சுகம். எண்ணெய்க் குழாயில் அந்த வேலையைச் செய்தால் பொழுது சாய்ந்துவிடும்.

இந்தக் கருவியை என் வண்டியில் சேலத்தில் ஒருமுறையும் மேலே எஸ்டேட்டில் ஒருமுறையும் மாட்டிப் பார்த்ததில் ஒரு வேடிக்கை. மேலே குச்சிகள் இரண்டும் பாதரசக் கணக்கில் சுமார் 10 செ.மீ. குறைவாக நின்றன. வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. வேக்குவம் என்பதே வெளிக்காற்றோடு ஒப்பிட்டுச் சொல்வதுதானே, சேலம் 300 மீட்டருக்குள், ஏற்காடு 1,500 மீட்டர் அளவில், இடையில் வெளிக்காற்றின் அழுத்தமே அத்தனை குறைந்துவிடுகிறது. இரண்டு குச்சிகளும் ஒரே மட்டத்தில் இருந்தன என்பதுதான் விஷயம். மேனுவலில் போட்டிருக்கும் வேக்குவம் எண்ணை மலையில் தேடி, கிடைக்கவில்லை என்று எஞ்சினைப் பிரிக்கக் கிளம்பாதீர்கள்.

ட்வின்மேக்ஸ் என்ற எலக்ட்ரானிக் கருவியை பெங்களூர் நண்பர் ஒருவரிடம் கடன் வாங்கி ராயல் என்ஃபீல்டு இன்டர்செப்டர் 650 ஒன்றில் பார்த்தேன். நடுவில் பூஜ்யம், எந்தப் பக்கம் முள் சாய்கிறது என்று மட்டும் காட்டும், ஒரு 9 வோல்ட் பேட்டரி. எண்ணெய்க் குழாயின் அதே தத்துவம், உள்ளங்கை அளவில். சென்சிட்டிவிட்டி குமிழை முழுக்க ஏற்றினால் முள் ஓயாது, பாதியில் வைத்தால் அருமை. அடிக்கடி ஊர் சுற்றுபவர்கள், பிஎம்டபிள்யூ பாக்ஸர் (இரண்டு சிலிண்டரும் எதிரெதிராக நீட்டிக்கொண்டிருக்கும் வண்டி) வைத்திருப்பவர்கள் தாராளமாக வாங்கலாம். பேட்டரியைக் கழற்றிவிட்டு உள்ளே வையுங்கள். மேப் சென்சார் (எஞ்சின் உறிஞ்சும் பக்கத்து அழுத்தத்தை அளப்பது) இரண்டை ஆர்டுயினோ என்ற குட்டிக் கணினிப் பலகையில் கோத்துத் தாங்களே செய்பவர்களும் உண்டு, நன்றாகவே வேலை செய்யும், கோடிங் பிடித்தவர்களுக்கு.

பாதரசக் குழாய் செட் எங்காவது பழைய மெக்கானிக் கடையில் கண்ணில் பட்டால் மலிவு என்று வாங்கிவிடாதீர்கள். உள்ளே உறிஞ்சப்பட்டால் சூடான எக்ஸாஸ்டில் ஆவியாகி நம் மூக்குக்குத்தான் வரும், அலுமினியத்தையும் அரித்துவிடும்.

யமஹாவின் பழைய ஆர்டி350 வைத்திருக்கும் அண்ணன்மார் சிலர் எதை வாங்கலாம் என்று கேட்கிறார்கள். ஒன்றும் வேண்டாம். அது டூ-ஸ்ட்ரோக், இரண்டு கார்பிலும் காற்று வழியைத் திறக்கும் ஸ்லைடு ஒரே நேரத்தில் எழுகிறதா என்று பார்த்துக் கேபிளைச் சரிசெய்வதுதான் அங்கே சிங்க். ஆயில் பம்ப் கேபிளையும் அதோடு பார்த்துவிடுங்கள், அதுதான் முக்கியம்.

எந்தக் கருவியாக இருந்தாலும் சில விஷயங்கள் பொது. எஃப்ஐ (ஃப்யூல் இன்ஜெக்ஷன்) வண்டியில் நீங்கள் கழற்றும் பைப் மேப் சென்சாருக்குப் போவதாக இருந்தால் டீ போட்டு மாட்டுங்கள், இல்லையென்றால் இசியு என்ற எஞ்சின் கணினி குழம்பி ஐடிலே மாறிவிடும். நின்ற இடத்தில் எஞ்சின் ஓடுவதால் முன்னால் ஒரு டேபிள் ஃபேன், காற்றில் குளிரும் எஞ்சினுக்குக் கட்டாயம். ஷட்டரைத் திறந்து வையுங்கள், மூடிய ஷெட்டில் புகை உயிருக்கே ஆபத்து. கார்ப் வண்டியில் டேங்கைக் கழற்றியபின் பெட்ரோலுக்குத் தொங்கவிடும் பாட்டில் சூடான சைலன்சருக்கு நேர் மேலே இருக்கக் கூடாது.

வேக்குவம் முனைகளை மூடும் சின்ன ரப்பர் மூடிகளை ஒவ்வொரு முறையும் விரலில் வளைத்துப் பாருங்கள். நம் ஊர் வெயிலுக்கு அவை சீக்கிரம் வெடிக்கும், வெடித்த மூடியை மறுபடி மாட்டினால் அந்தப் பக்கம் காற்று ஒழுகி, செய்த சிங்க் முழுக்க வீண். 5 மி.மீ., 6 மி.மீ. இரண்டு அளவிலும் சிலவற்றை டூல் பாக்ஸில் போட்டு வைத்திருக்கிறேன்.