அயனியா, முனைவுறுவதா, முனைவற்றதா: கழித்தல் கணக்கு எதுவரை செல்லும்?

அணுக்களை இணைக்கும் மூன்று வகைப் பிணைப்புகளையும் ஒப்பிட்டுப் பார்க்கக் குளோரின் ஒன்றே போதும். குளோரின் மூலக்கூறில் இரு அணுக்களின் எலக்ட்ரான் கவர்தன்மையும் (பிணைப்பிலுள்ள எலக்ட்ரான்களைத் தன்பக்கம் இழுக்கும் திறன்) 3.16 என்பதால், எலக்ட்ரான் இணை எப்பக்கமும் சாயாமல் நடுவில் நிற்கிறது. இது முனைவற்ற சகப்பிணைப்பு. ஹைட்ரஜன் குளோரைடில் இரு அணுக்களின் கவர்தன்மையைக் கழித்தால் வரும் வேறுபாடு 0.96. இங்கே இணை குளோரின் பக்கம் ஒதுங்கினாலும் ஹைட்ரஜனை விட்டு முழுதாக விலகுவதில்லை; இது முனைவுறு சகப்பிணைப்பு. மின்சுமை எவ்வளவு பிரிந்து நிற்கிறது என்பதைக் காட்டும் இருமுனைத் திருப்புத்திறனை அளந்தால், எலக்ட்ரான் முற்றிலும் இடம் மாறியிருந்தால் கிடைக்கக்கூடிய மதிப்பில் ஏறத்தாழ 17 சதவீதமே தேறுகிறது. சோடியம் குளோரைடில் வேறுபாடு 2.23, எலக்ட்ரான் கைமாறிவிடுகிறது; இது அயனிப் பிணைப்பு. அதில் தனி மூலக்கூறு என்று ஒன்றைச் சுட்டவே முடியாது. ஒவ்வோர் அயனியையும் அதன் மின்சுமைக்கு நேர்மாறான மின்சுமை கொண்ட ஆறு அயனிகள் சூழ்ந்திருப்பதால்தான் அது உருக 801 டிகிரி செல்சியஸ் தேவைப்படுகிறது.

வேறுபாடு 0.4-க்குக் கீழ் என்றால் முனைவற்றது, 1.7-க்கு மேல் என்றால் அயனி, இடைப்பட்டது முனைவுறுவது என்பது பாடநூல் வாய்பாடு. வேதியியலாளர் லைனஸ் பாலிங்கின் சமன்பாட்டில் 1.7 என்பது ஏறக்குறையப் பாதி அயனித்தன்மையைக் குறிக்கும் இடமே தவிர, இயற்கை எழுப்பிய மதில் அன்று. லித்தியம் அயோடைடில் வேறுபாடு 1.68 மட்டுமே, ஆனாலும் அது 469 டிகிரியில் உருகும் அயனித் திண்மம். போரான் ட்ரைபுளூரைடிலோ 1.94 இருந்தும் அது அறை வெப்பநிலையில் வாயு. போரானிலிருந்து மூன்று எலக்ட்ரான்களையும் பறிக்க ஆகும் ஆற்றல் மிகப் பெரிது என்பதால், அது பகிர்வதோடு நின்றுவிடுகிறது.

ஆகவே முதலில் உலோகம் இருக்கிறதா என்று பார்ப்பதையே நான் விரும்புவேன், அதுவும் முழு உத்தரவாதம் ஆகாது என்றாலும். உலோகச் சேர்மமான அலுமினியம் குளோரைடு 180 டிகிரியை ஒட்டியே பதங்கமாகி, அதாவது உருகாமல் நேரே வாயுவாகிவிடுகிறது. அழுத்தத்தில் உருக்கினாலும் மின்சாரத்தை மிக அரிதாகவே கடத்துகிறது. ஐயம் எழும் இடத்தில் உருகிய நிலையின் மின்கடத்தலே நம்பத்தக்க சாட்சி.

முனைவுறு, முனைவற்ற பிணைப்புகளிடையே வரும் குழப்பம் வேறு விதமானது. பெரும்பாலும் அது பிணைப்பையும் மூலக்கூறையும் ஒன்றெனக் கொள்வதால் நேர்வது. கார்பன் டைஆக்சைடின் பிணைப்புகள் 0.89 வேறுபாட்டுடன் முனைவுறுபவையே. மூலக்கூறு நேர்கோட்டில் அமைந்திருப்பதால் இரு இழுப்புகளும் ஒன்றையொன்று ஈடுசெய்ய, மூலக்கூறு மட்டும் முனைவற்றதாகிறது. நீரிலோ பிணைப்புகள் 104.5 டிகிரியில் வளைந்திருப்பதால் அவ்வாறு ஈடாவதில்லை.