பால்கனி ரெய்லிங் போடப் போகிறீர்களா? அட்வான்ஸ் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள் (சேலம்)

கைக்குழந்தைக்காக வீட்டில் ரெய்லிங் போட நினைக்கிற சேலத்துக்காரர்களுக்காக எழுதுகிறேன். எங்களை ஏமாற்றிய பட்டறைக்காரரின் கடைப் பெயர் போடவில்லை, கேட்காதீர்கள். இந்த வேலையை இப்படிச் செய்கிறவர் அவர் ஒருவர் மட்டும் இல்லை.

அழகாபுரம் பக்கம் எங்களுக்கு மாடி வீடு. பையனுக்கு அப்போது பத்து மாதம், எது கையில் கிடைத்தாலும் பிடித்து எழுந்து நின்றுவிடுவான். பால்கனியில் இருந்தது பழைய இரும்பு கிரில், கம்பிகள் எல்லாம் படுக்கை வசத்தில். குழந்தை ஏறுவதற்கென்றே செய்த ஏணி மாதிரி. கதவைச் சாத்தி வைக்கலாம் என்றால் சித்திரை வெயிலில் வீடு அடுப்பாகிவிடும், சாயந்திரம் ஏற்காட்டு மலைப்பக்கமிருந்து வருகிற கொஞ்சக் காற்றும் அந்த வழியாகத்தான் வரும். சரி, கிரில்லை எடுத்துவிட்டு நிறுத்து வசத்தில் பைப் வைத்து ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ரெய்லிங் போட்டுவிடுவோம், மாடிப்படி மேலேயும் ஒரு சின்ன கேட் வைப்போம் என்று முடிவு செய்தோம்.

தெரிந்தவர் சொல்லி ஒரு பட்டறைக்காரர் வந்தார். "304 கிரேடுக்கா, 16 கேஜ், இடைவெளி மூன்றரை இஞ்சிதான் விடுவோம், குழந்தை வீடுன்னா எங்களுக்குத் தெரியாதா" என்றார். (304 என்பது ஸ்டெயின்லெஸ்ஸில் ஒரு ரகம், கேஜ் என்பது பைப் தகட்டின் கனம்; எண் கூடினால் கனம் குறையும்.) மொத்தம் 28,500 ரூபாய், அட்வான்ஸ் 20,000. எழுதிக் கொடுத்தது ஒரு வாட்ஸ்அப் மெசேஜ், அதிலும் நீளமும் தொகையும்தான், வேறொன்றும் இல்லை. வேலை முடிந்த அன்று காந்தத்தை எடுத்து பைப்பில் வைத்துக் காட்டினார், ஒட்டவில்லை. நானும் டேப் பிடித்து உயரம் பார்த்தேன், மூன்றரை அடி சரியாக இருந்தது. பளபளவென்று இருக்கவும் பக்கத்து வீட்டு அக்கா வந்து பார்த்து ஆசைப்பட, அன்று சாயந்திரமே மீதிப் பணத்தையும் ஜிபே செய்துவிட்டேன். பில் கேட்டதற்கு நாளைக்கு அனுப்புகிறேன் என்றார். அந்த நாளை இன்னும் வரவில்லை.

மூன்று வாரம் கழித்து அம்மா துணி காயப்போட பால்கனிக்குப் போயிருக்கிறார். பின்னாலேயே தவழ்ந்து போனவன் இரண்டு பைப்புக்கு நடுவில் காலை விட்டு, இடுப்பும் வெளியே போய், மார்பு வரைக்கும் நழுவிவிட்டான். அம்மா போட்ட சத்தத்தில் நான் ஓடுவதற்குள் அவரே சட்டையைப் பிடித்து இழுத்துவிட்டார். அன்றைக்குத்தான் இடைவெளியை அளந்தேன். ஐந்து இஞ்சி.

இது ஏன் பெரிய விஷயம் என்றால், இந்த வயதுக் குழந்தைக்கு உடம்பு நுழைகிற சந்தில் தலை நுழையாது. உடம்பு வெளியே தொங்க, தலை மட்டும் மாட்டிக்கொள்ளும். அதனால்தான் பல நாடுகளின் கட்டட விதிகளில் இந்த இடைவெளிக்கு உச்ச வரம்பு சுமார் 10 செ.மீ., நம் கணக்கில் நாலு இஞ்சி. அவர் ஏன் அகலமாக விட்டார் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். 14 அடி பால்கனிக்கு ஒரு இஞ்சி பைப்பை மூன்றரை இஞ்சி விட்டு வைத்தால் முப்பத்தாறு பைப் வேண்டும், ஐந்து இஞ்சி விட்டால் இருபத்தேழே போதும். ஒன்பது பைப் மிச்சம் பிடித்திருக்கிறார்.

அப்புறம் சந்தேகம் வந்து ஒவ்வொன்றாகப் பார்க்க ஆரம்பித்தேன். தூண் பைப்பின் அடியில் மூடியிருக்கும் கப்பை மேலே தூக்கினால், உள்ளே டைல்ஸ் மேல் இரண்டு ஸ்க்ரூ, ஸ்க்ரூ பிடிக்க ஓட்டையில் செருகும் பிளாஸ்டிக் ராவல் பிளக், அவ்வளவுதான். கான்கிரீட் வரைக்கும் இறங்குகிற ஆங்கர் போல்ட் ஒன்றுகூட இல்லை. கையால் ஆட்டினேன், டைல்ஸோடு சேர்ந்து ஆடியது. இதில் சாய்ந்துகொண்டுதான் மூன்று வாரமாக நிலா காட்டிச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தேன்!

படிக்கட்டு கேட் இன்னொரு கூத்து. படிப்பக்கமாகத் திறக்கிற மாதிரி கீல் வைத்திருக்கிறார், குழந்தை சாய்ந்து தாழ்ப்பாள் விலகினால் நேராகப் படியில்தான் விழும். கேட் படிக்கு எதிர்ப்பக்கம், மாடித் தரைப்பக்கமாகத்தான் திறக்க வேண்டும்.

மிச்சமிருந்த பைப் துண்டு ஒன்றை டவுனில் ஒரு பைப் கடைக்குக் கொண்டு போனேன். அங்கே கடைக்காரர் அதன் மேல் ஒரு சொட்டு சோதனைத் திரவம் விட்டு 9 வோல்ட் பேட்டரியைத் தொட வைத்தார், சிவப்பாக மாறியது. மாங்கனீசு அதிகம் உள்ள 200 வகை அது, 304 இல்லை. 304இல் நிக்கல் 8 சதவீதத்துக்கு மேல் இருக்கும், 200 வகையில் வரும் 202இல் 4 முதல் 6 வரைதான், சீக்கிரம் துரு பிடிக்கும். காந்தம் இரண்டிலுமே சாதாரணமாக ஒட்டாது, ஆக அந்தக் காந்த வித்தை சும்மா கண்துடைப்பு. கனமும் 16 கேஜ் இல்லை, 20. அதாவது 1.6 மி.மீ.க்குப் பதில் 0.9. சேலம் உருக்காலையில் 1981இலிருந்து ஸ்டெயின்லெஸ் தகடு உருட்டுகிற ஊரில் உட்கார்ந்துகொண்டு ஸ்டெயின்லெஸ்ஸில் ஏமாந்திருக்கிறேன்.

பட்டறைக்காரருக்குப் போன் செய்தால், "ஊருக்கே இந்த அளவுதான்க்கா போடுறோம், குழந்தையை நாமதான பாத்துக்கணும்" என்கிறார். அதன் பிறகு போனை எடுக்கவில்லை.

கிரேடுகூடப் போகட்டும், துரு பிடிக்க நாளாகும். இடைவெளி, ஆங்கர் போல்ட், கேட் திறக்கும் பக்கம், இந்த மூன்றையும் நீங்களே டேப்போடு நின்று பார்த்த பிறகு மீதிப் பணம் கொடுங்கள். கிரேடு, கேஜ், இடைவெளி எல்லாவற்றையும் கொட்டேஷனில் எழுதி வாங்குங்கள், கப்பை மாட்டுவதற்கு முன்னால் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். நான் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்திருக்கிறேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரைக்கும் கட்டணம் கிடையாது என்பதால் அங்கேயும் போகப் போகிறேன். பில் இல்லாததால் ஜிபே ரசீதும் வாட்ஸ்அப் மெசேஜும்தான் கையில் இருக்கிறது.

இப்போது வேறொரு வெல்டர் வந்து எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு கான்கிரீட்டில் போல்ட் இறக்கிப் புதிதாகப் போட்டுக்கொண்டிருக்கிறார், பால்கனிக் கதவு பூட்டியே கிடக்கிறது, வீட்டுக்குள் வேகிறோம். அந்தப் பட்டறைக்காரரின் ஸ்டேட்டஸில் நேற்றுகூட எங்கள் பால்கனி போட்டோதான். மேலே எழுதியிருக்கிறது, "குழந்தைகளுக்கு 100% பாதுகாப்பு".